விண்கலம் பறக்க வேண்டும்: மினியேச்சரா, சிஜியா? ஷாட் வாரியாக ஒரு முழு வழிகாட்டி

விண்கலம் வருகிற குறும்படக் கதை ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். "கிராபிக்ஸுக்கு எவ்வளவு ஆகும்?" என்று ஒருவர் கேட்பார். "அந்தக் காலத்துல மினியேச்சர் வச்சே எடுத்தாங்க, அதுதான் நிஜமா இருந்துச்சு" என்று இன்னொருவர் சொல்வார். மினியேச்சரா (சின்ன அளவில் கையால் செய்த மாதிரி), சிஜியா (கணினியில் உருவாக்கும் காட்சி) என்று இருவரும் முழுப் படத்துக்கும் சேர்த்து ஒரே பதிலைத் தேடுகிறார்கள். இந்த முடிவை ஷாட்டுக்கு ஷாட் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்'கைக் கணினி டைனோசர் படமாகவே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அதில் டைனோசர் திரையில் தெரியும் நேரத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் கணினி வேலை. மிச்சமெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த இயந்திர உருவங்கள். மழைக் காட்சியில் டி-ரெக்ஸின் நுரை ரப்பர் தோல் தண்ணீரைக் குடித்துக் கனம் கூட, மொத்த இயந்திரமும் நடுங்க ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு டேக்குக்கும் நடுவே துண்டை வைத்துத் துடைத்துக் காயவைத்தார்கள். தலை காருக்குப் பக்கத்தில் வந்தால் இயந்திரம், முழு உடம்போடு ஓடினால் கணினி. படம் பார்த்தவர்களுக்கு எங்கே மாறியது என்று தெரியவில்லை.

இந்த வழிகாட்டி சின்ன பட்ஜெட்டில் எடுக்கிறவர்களுக்கானது. ஒரு கலம், நிலா மாதிரி ஒரு தரை, ஒரு வெடிப்பு இருக்கும் படம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: ஷாட் பட்டியல்

ஸ்டோரிபோர்டு போட்ட பிறகு ஒவ்வொரு ஷாட்டுக்கும் நான்கு விஷயங்களை எழுதுங்கள். கேமரா கலத்துக்கு எவ்வளவு அருகில் போகிறது? ஷாட் எத்தனை வினாடி? கலம் மட்டும் நகர்கிறதா, அதன் பாகங்களும் நகர்கின்றனவா? நெருப்பு, தண்ணீர், தூசி, மனிதர் என்று வேறு எதையாவது கலம் தொடுகிறதா? கடைசிக் கேள்விதான் பாதி முடிவை எடுத்துக் கொடுக்கும்.

படி 2: எது யாருக்கு?

கெட்டியான உடம்புள்ள கலம், மெதுவான நகர்வு, நெருக்கமான கோணம்: இதற்கு மினியேச்சரை விட மலிவான வழி இல்லை. வெளிச்சம் அதன் மேல் விழும் விதத்தை யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை, அதுவாகவே விழும். கணினியிலும் இதே தரம் வரும். ஆனால் நல்ல கைகள் வேண்டும், நேரம் வேண்டும்.

உருவம் மாறுவது, நூற்றுக்கணக்கில் கலங்கள், கேமரா எங்கும் நுழைந்து வெளியே வருவது: இவை கணினிக்கே. 1989-ல் 'தி அபிஸ்' படத்தில் வரும் தண்ணீர் உருவம் சுமார் 75 வினாடிதான் திரையில் இருக்கிறது. அதை வேறு எந்த வழியிலும் எடுத்திருக்க முடியாது. நம் ஊரில் 2010-ல் வந்த 'எந்திரன்' இதே பாதையில் போனது. ரோபோ உருவங்களுக்கு வின்ஸ்டனின் ஆட்கள் தொடர்ந்து நடத்திய லெகசி எஃபெக்ட்ஸ் நிறுவனம். நூற்றுக்கணக்கான சிட்டி ரோபோக்கள் ஒன்றுசேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் மாறும் உச்சக் காட்சிக்குக் கணினி. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய வி. ஸ்ரீனிவாஸ் மோகனுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இரண்டும் ஒரே படத்தில் எப்படிப் பங்கு போட்டுக்கொள்ளலாம் என்பதற்கு 2014-ன் 'இன்டர்ஸ்டெல்லார்' நல்ல பாடம். எண்டுரன்ஸ் கலத்தை 1/15 அளவில் செய்தார்கள், அதுவே 7.6 மீட்டருக்கு மேல் அகலம். வெடிக்கும் பகுதியை மட்டும் இன்னும் பெரிதாக, 1/5 அளவில் செய்தார்கள். கருந்துளையை மட்டும் இயற்பியலாளர் கிப் தோர்னின் சமன்பாடுகளை வைத்து டபுள் நெகட்டிவ் நிறுவனம் கணினியில் உருவாக்கியது. அதில் சில ஃப்ரேம்களை, அதாவது தனித்தனிப் படங்களை, கணினி கணக்கிட்டு வரைய (ரெண்டர்) 100 மணி நேரம் வரை ஆனது. வளையும் ஒளியை மினியேச்சரால் காட்ட முடியாது. உலோகக் கலத்தின் மேல் வெயில் படுவதற்குச் சமன்பாடு தேவையில்லை.

"எங்க படத்துல சிஜியே கிடையாது" என்று விளம்பரத்தில் சொல்வது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. நம்பாதீர்கள். கம்பியை அழிப்பதும், பின்னணியை மாற்றுவதும் சிஜிதான்.

நம் படத்துக்கு வருவோம். கலம் கேமராவைக் கடந்து போவது மினியேச்சர். நிலாத் தரையில் இறங்குவது மினியேச்சர், தூசியைத் தனியாக முடிவு செய்யலாம். தூரத்தில் புள்ளியாகத் திரும்புவது சிஜி. வெடிப்பு இரண்டும் கலந்தது.

படி 3: அளவு

எல்லாத் தவறுகளும் பிறக்கும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

16 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பொருள் விழ சுமார் 1.8 வினாடி ஆகும். அதையே 1/16 அளவில் செய்தால் உயரம் 1 மீட்டர், விழ 0.45 வினாடி போதும். அதாவது நான்கு மடங்கு சீக்கிரம். நான்கு என்பது 16-ன் வர்க்கமூலம். எனவே விழுவது, சிதறுவது, ஆடுவது எதுவாக இருந்தாலும், படம் வழக்கமாக ஓடும் வினாடிக்கு 24 ஃப்ரேமை அளவின் வர்க்கமூலத்தால் பெருக்கி எடுத்து, 24-லேயே ஓட்டி மெதுவாக்க வேண்டும். 1/16-க்கு வினாடிக்கு 96 ஃப்ரேம், 1/25-க்கு 120, 1/100-க்கு 240. இன்று பல கைப்பேசிகளே 240 ஃப்ரேம் எடுக்கின்றன என்பது நமக்கு வசதி.

நிலாவில் ஈர்ப்பு பூமியில் இருப்பதில் ஆறில் ஒரு பங்கு. அதற்கு இன்னொரு வர்க்கமூலம், சுமார் 2.45 மடங்கு. 1/16 அளவுக் கலம் நிலாவில் இறங்கினால் 96-ஐ 2.45-ஆல் பெருக்க, 235 வருகிறது. 240-ல் வைத்துவிடலாம்.

கலத்தின் உண்மையான நீளத்தை முதலில் முடிவு செய்யுங்கள். 16 மீட்டர் கலம் 1/16-ல் 1 மீட்டர். வீட்டில் கையாள வசதியான அளவு. அதே கலத்தை 30 சென்டிமீட்டரில் செய்தால் லென்ஸை அருகில் கொண்டுபோகும்போது ஃபோகஸ் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் திரையில் பெரிதாகத் தெரியும் கலம் மேசையிலும் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1977-ன் 'ஸ்டார் வார்ஸ்' தொடக்கத்தில் திரையை முழுதாக மூடிக்கொண்டு வரும் பேரரசுக் கப்பலின் மினியேச்சர் சுமார் 91 சென்டிமீட்டர்தான். அது துரத்திக்கொண்டு போகிற சின்னக் கப்பலின் மினியேச்சர் அதைவிடப் பெரியது! கேமரா வைத்த இடமும் மேற்பரப்பின் நுணுக்கமும் செய்த வேலை.

படி 4: கட்டுவது

உள் எலும்புக்கு பி.வி.சி. பைப் அல்லது அலுமினியச் சட்டம். அதிலேயே தாங்கு கம்பி மாட்ட மூன்று நான்கு இடங்களில் ஓட்டை விட்டுவிடுங்கள்: அடியில், பின்னால், பக்கவாட்டில். எந்தக் கோணத்தில் எடுக்கிறோமோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்க வேண்டும். இதைக் கட்டிய பிறகு யோசித்தால் உடம்பைத் துளைக்க வேண்டி வரும்.

மேல் உடம்புக்கு சன்போர்டு, பிளாஸ்டிக் தாள். இடுக்குகளை எம்சீல் போட்டு அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேயுங்கள். அப்புறம் நுணுக்கங்கள். ஹாலிவுட்டில் டாங்கி, கார், போர்க்கப்பல் பிளாஸ்டிக் கிட்டுகளைப் பிரித்து அந்தத் துண்டுகளைக் கலத்தின் மேல் ஒட்டினார்கள். நமக்கு உடைந்த பிரின்டர், பழைய கீபோர்டு, சார்ஜர் உள்பாகங்கள் போதும். சென்னையில் இருப்பவர்களுக்கு மின்னணுச் சாமான்கள் விற்கும் ரிச்சி தெரு இருக்கிறது. எல்லா இடத்திலும் ஒட்டித் தள்ளாதீர்கள். நுணுக்கம் அடர்த்தியாக இருக்கும் ஒரு பகுதி, வெறுமையாக விட்ட ஒரு பகுதி என்று மாறி மாறி வந்தால்தான் கண்ணுக்கு அளவு புரியும். அடையாளம் தெரிகிற பொருள் எதுவும் இருக்கக் கூடாது. ஒரு யூ.எஸ்.பி. துளை தெரிந்தால் போதும், கலம் கையளவுக்குச் சுருங்கிவிடும்.

பெயின்ட்டில் ஒரே சாம்பல் வேண்டாம். மூன்று நான்கு சாம்பல்களைக் கலந்து, டேப் ஒட்டிக் கட்டம் கட்டமாக அடியுங்கள். கட்டத்துக்குக் கட்டம் வித்தியாசம் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரிந்தால் சரி. பளிச்சென்று தெரிந்தால் சதுரங்கப் பலகை ஆகிவிடும். பளபளப்பு அறவே கூடாது. மேலே பளபளக்காத (மேட்) வார்னிஷ் ஒரு கோட். பளபளப்பான பரப்பில் உங்கள் விளக்கும் கேமராவும் ஜன்னலும் தெரியும்.

படி 5: வெளிச்சம்

விண்வெளியில் சூரியன் ஒன்றுதான் விளக்கு. அது மிக மிகத் தூரத்தில் இருப்பதால் கலத்தின் மூக்குக்கும் வாலுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். உங்கள் அறையில் அப்படி நடக்காது. 1 மீட்டர் நீளக் கலத்தின் மூக்குக்கு நேர் எதிரே, 1 மீட்டர் தூரத்தில் விளக்கை வைத்தால் வாலுக்கு 2 மீட்டர் தூரம். அங்கே கிடைப்பது கால்வாசி வெளிச்சம். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் "பக்கத்துல லைட் இருக்கு" என்று மனது சொல்லிவிடும். விளக்கை 5 மீட்டர் தள்ளினால் வாலுக்கு ஏறக்குறைய 70 சதவீதம் வந்துவிடும். மொட்டை மாடியில் உண்மையான வெயிலில் எடுத்தால் இந்தச் சிக்கலே இல்லை. காற்றும் மேகமும்தான் தொந்தரவு.

நிழல் பக்கத்தில் தெர்மாகோல் வைத்து வெளிச்சத்தைத் திருப்பும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். நிழல் கறுப்பாகவே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு கிரகம் இருப்பதாகக் கதை சொன்னால் மட்டும் அந்தத் திசையிலிருந்து கிரகத்தின் நிறத்தில் மெல்லிய வெளிச்சம். சுவர் வெள்ளையாக இருந்தால் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள், நீங்களும் கறுப்புச் சட்டை போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மின்சாரத்தில் எரியும் மலிவு எல்இடி பல்புகள் வினாடிக்கு 100 தடவை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, 240 ஃப்ரேமில் பட்டை பட்டையாகத் தெரியும். பேட்டரியில் ஓடும் விளக்கு அல்லது வெயில்தான் அதற்குச் சரி.

படி 6: கேமரா

மினியேச்சரை முதலில் காட்டிக்கொடுப்பது ஃபோகஸ். பெரிய பொருளைத் தூரத்திலிருந்து எடுத்தால் முன்னும் பின்னும் தெளிவாக இருக்கும். சின்னதை அருகில் எடுத்தால் மூக்கு தெளிவாகவும் வால் மங்கலாகவும் விழும். எனவே அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, மூட வேண்டும்: எஃப் 16, எஃப் 22 (எண் கூடினால் துளை சிறிது). மூடினால் வெளிச்சம் போதாது. 240 ஃப்ரேம் எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைப்பது 24 ஃப்ரேமில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு தேவையும் ஒன்றோடொன்று மோதுகின்றன.

வழி எளியது. எதுவும் விழாத, சிதறாத ஷாட்டுக்கு வேகமே தேவையில்லை. கலம் மிதந்து போவதை ஃப்ரேமுக்கு ஒரு வினாடி, இரண்டு வினாடி ஷட்டர் திறந்து எடுக்கலாம். 1968-ல் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் 16 மீட்டர் நீள டிஸ்கவரி கலத்தை அப்படித்தான் மிகச் சின்ன அபர்ச்சரில், நீண்ட எக்ஸ்போஷரில் எடுத்தார்கள். விழும் ஷாட்டுக்கு மட்டும் வேகமும் கொட்டும் வெளிச்சமும். அதை வெயிலில் எடுங்கள். கைப்பேசியின் சின்ன சென்சாரில் ஃபோகஸ் ஆழம் இயல்பாகவே அதிகம் என்பதால் இங்கே பெரிய கேமராவை விட அதுவே கைகொடுக்கும்.

மிதக்கும் ஷாட்டை ஸ்டாப் மோஷன் மாதிரி ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி நிறுத்தி எடுக்கலாம். ஆனால் அசைவின் மங்கல் விழாது, பொம்மலாட்டம் போலத் துடிக்கும். ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு 'ஸ்டார் வார்ஸு'க்காக வான் நைஸில் ஒரு கிடங்கில் உருவாக்கிய டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ் கருவி இதைத்தான் தீர்த்தது. மினியேச்சர் நிற்கும், கேமரா தண்டவாளத்தில் நகரும், நகரும்போதே ஷட்டர் திறந்திருக்கும். நகர்வு பதிவாகி இருப்பதால் அதையே எத்தனை தடவை வேண்டுமானாலும் அச்சுப் பிசகாமல் திரும்ப ஓட்டலாம். ஒரு ஓட்டத்தில் சூரிய வெளிச்சம், அடுத்ததில் ஜன்னல் விளக்குகள் மட்டும், அடுத்ததில் என்ஜின் ஒளி, கடைசியில் பின்னணியை வெட்ட ஒரு மேட், அதாவது கலத்தின் வெறும் நிழலுருவம்.

இன்று ஸ்டெப்பர் மோட்டார் (சின்னச் சின்னப் படியாகத் துல்லியமாகச் சுழலும் மோட்டார்) வைத்த ஸ்லைடர், அதாவது கேமரா நகரும் சின்னத் தண்டவாளம், ஒன்று இந்த வேலையைச் செய்யும். 'ஸ்டார் வார்ஸ்' எஃபெக்ட்ஸ் நிறுவனமான ஐ.எல்.எம்.-ன் ஜான் நோல் 2019-ன் 'மாண்டலோரியன்' தொடருக்காக இப்படி ஒரே நகர்வைத் திரும்ப ஓட்டும் மோஷன் கன்ட்ரோல் கருவியைத் தானே வீட்டில் செய்தார். ஆகவே தயங்க வேண்டாம். நான்கு வினாடி ஷாட் என்றால் 96 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு இரண்டு வினாடி என்றால் ஒரு ஓட்டம் மூன்றேகால் நிமிடம். நான்கு ஓட்டம் எடுத்தாலும் கால் மணி நேரத்துக்குள் முடியும். விளக்கை மாற்றும்போது கலம் ஒரு மில்லிமீட்டர்கூட அசையக் கூடாது. விளக்குகளுக்குத் தனித்தனி ஸ்விட்சை அறையின் வேறு மூலையில் வையுங்கள், மேசைக்கு அருகில் யாரும் போக வேண்டாம்.

படி 7: தூசி, புகை, நெருப்பு

தண்ணீர்த் துளிக்கு நம் அளவுக் கணக்கு தெரியாது. பரப்பு இழுவிசையால் துளி எப்போதும் துளி அளவிலேயே இருக்கும். 1/16 அளவுக் கடலில் அது பூசணிக்காய் அளவுக்குத் தெரியும். நெருப்பும் அப்படியே, சுடரின் நாக்குகள் அளவைக் காட்டிக்கொடுக்கும். வேகமாக எடுப்பது ஓரளவு மறைக்கும், முழுதாக மறைக்காது. எனவே நெருப்பும் தண்ணீரும் வந்தால் மினியேச்சர் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது அதைக் கணினிக்கு விட வேண்டும்.

'இன்டிபென்டன்ஸ் டே' படத்தில் 1996-ல் ஒரு தந்திரம் செய்தார்கள். நகரத் தெருவில் நெருப்புச் சுவர் உருண்டு வர வேண்டும். நெருப்பு பக்கவாட்டில் போகாது, மேலேதான் எழும். மினியேச்சர் தெருவையே செங்குத்தாக நிமிர்த்தி, கேமராவை மேலே வைத்து, கீழே வெடிக்கவிட்டார்கள். தீ தெரு வழியாக மேலே ஏறியது. திரையில் தெருவை விழுங்கிக்கொண்டு நம்மை நோக்கி வந்தது. இதைக் குறும்படக்காரர்கள் வீட்டில் முயல வேண்டாம். வெடிப்பு தேவைப்பட்டால் உரிமம் உள்ள ஸ்டன்ட் எஃபெக்ட்ஸ் ஆளை அழையுங்கள், இல்லையென்றால் கறுப்புப் பின்னணியில் எடுத்து விற்கப்படும் நெருப்புத் துண்டுகளை வாங்கி மேலே போடுங்கள். உடைந்து சிதறும் துண்டுகளை மட்டும் நீங்களே வேகமாக எடுக்கலாம். தெர்மாகோலை விட எடையுள்ள பிளாஸ்டர் துண்டுகள் நன்றாக விழும்.

நிலாத் தூசி வேறு கதை. அங்கே காற்று இல்லாததால் தூசி மேகமாகச் சுருண்டு நிற்காது. ஒவ்வொரு துகளும் எறிந்த கல்போல வளைந்து போய்த் தரையில் விழும். உங்கள் அறையில் சிமெண்டுப் பொடியை ஊதினால் புகையாகச் சுருளும், பூமி என்று தெரிந்துவிடும். சலித்த மணல் போலக் கொஞ்சம் கனமான துகளைப் பயன்படுத்துங்கள், அல்லது தூசியைக் கணினியில் போடுங்கள். சிஜி இதில் தெளிவாக ஜெயிக்கிறது, காற்றை அணைத்துவிடலாம். 2009-ன் 'மூன்' படம் சுமார் 50 லட்சம் டாலர் பட்ஜெட்டில் எடுக்கப்பட்டது. நிலா வண்டிகள் மினியேச்சர், அவற்றைச் சுற்றி நீளும் நிலப்பரப்பைக் கணினியில் நீட்டினார்கள்.

காற்று உள்ள கிரகம் என்றால் நேர்மாறாக யோசிக்க வேண்டும். தூரம் போகப் போக மங்கும் அந்த வெளுப்பு மினியேச்சரில் தானாக வராது. 1982-ன் 'பிளேட் ரன்னர்' நகரத்தை எடுக்கும்போது அறையைப் புகையால் நிரப்பினார்கள், அடர்த்தி மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். சில அடி ஆழ மேசை பல கிலோமீட்டராகத் தெரிந்தது.

மேகத்துக்குக் கண்ணாடித் தொட்டி போதும். அடியில் உப்புத் தண்ணீர், அதன் மேல் மெதுவாக நல்ல தண்ணீர். இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். மெல்லிய குழாயில் வெள்ளை பெயின்ட்டை விட்டால் அது அடுக்கின் எல்லையில் நின்று புயல் மேகமாக விரியும். 1977-ன் 'குளோஸ் என்கவுன்ட்டர்ஸ்' மேகங்கள் இப்படி வந்தவை. கணினியில் இதே சுருளைக் கொண்டுவர இன்றும் மெனக்கெட வேண்டும்.

படி 8: கணினிப் பங்கு

தூரத்தில் திரும்பும் கலத்துக்குச் சிஜி மாடல் தேவை. புதிதாக வரைய வேண்டாம். மினியேச்சரைச் சுற்றி எல்லாக் கோணத்திலும், பரவலான மெல்லிய வெளிச்சத்தில், எழுபது எண்பது புகைப்படம் எடுத்து, புகைப்படங்களிலிருந்து முப்பரிமாண உருவம் செய்யும் போட்டோகிராமெட்ரி மென்பொருளில் கொடுத்தால் அதே கலம் அதே அழுக்கோடு முப்பரிமாணத்தில் கிடைக்கும். பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் மிச்ச வேலையை முடிக்கலாம்.

சிஜி கலம் கண்ணுக்குப் பொய்யாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம் அதன் உருவம் இல்லை, நகர்வுதான். கணினியில் எடை கிடையாது, எனவே கலம் ஈ மாதிரி திரும்பும். மினியேச்சர் ஷாட்டில் உங்கள் ஸ்லைடர் என்ன வேகத்தில் போனதோ, என்ன லென்ஸ் போட்டீர்களோ, அதே கட்டுப்பாட்டைச் சிஜி கேமராவுக்கும் போடுங்கள். 'ஜுராசிக் பார்க்'கில் ஸ்டாப் மோஷன் கலைஞர்களின் கை அனுபவம் வீணாகாமல் இருக்க, மூட்டுகளில் சென்சார் வைத்த ஒரு டைனோசர் எலும்புக்கூட்டைச் செய்தார்கள். அவர்கள் அதைக் கையால் அசைக்க, அசைவு கணினிக்குள் போனது. நீங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டாம். கலத்தைக் கையில் பிடித்து நகர்த்திக் கைப்பேசியில் ஒரு ஒத்திகை எடுத்து, அதைப் பார்த்துக் கீ ஃப்ரேம் (நகர்வின் முக்கிய நிலைகள்) போடுங்கள்.

பின்னணியை வெட்டப் பச்சைத் திரை வைக்கும் கிரீன் மேட்டைப் பற்றி ஒரே சொல்: பச்சை வெளிச்சம் சாம்பல் கலத்தின் ஓரங்களில் ஏறிவிடும். ஸ்லைடர் இருந்தால் மேட் ஓட்டத்தைத் தனியாக எடுங்கள். கலத்தை இருட்டில் விட்டு, பின்னால் வெள்ளை அட்டைக்கு மட்டும் வெளிச்சம் அடித்தால் சுத்தமான நிழலுருவம் கிடைக்கும்.

படி 9: சேர்ப்பதும் சோதிப்பதும்

தனித்தனியாக எடுத்தவற்றை ஒரே படமாகச் சேர்க்கும் காம்பில் முதலில் பார்க்க வேண்டியது கறுப்பு. கலத்தின் நிழலில் இருக்கும் கறுப்பும் விண்வெளியின் கறுப்பும் ஒன்றாக இருக்கிறதா? மானிட்டரின் வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். ஒட்டிய கட்டம் இருந்தால் அப்போது வெளியே வரும். அடுத்து ஓரம்: கத்தி மாதிரி கூர்மையாக இருந்தால் ஒரு பிக்ஸல் மென்மையாக்குங்கள். பிறகு கிரெய்ன், அதாவது படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள். மினியேச்சரில் சென்சாரின் இரைச்சல் இருக்கும், சிஜியில் இருக்காது. கடைசியில் எல்லாவற்றின் மேலும் ஒரே கிரெய்னைப் போட்டால் இரண்டும் ஒரே கேமராவில் எடுத்த மாதிரி உட்காரும். நட்சத்திரங்களை அளவோடு போடுங்கள். வெயிலில் மின்னும் கலத்துக்குச் சரியான எக்ஸ்போஷரில் உண்மையில் நட்சத்திரமே தெரியாது.

அப்புறம் ஷாட்டை இடவலமாகத் திருப்பி, நிறத்தை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். பல நாள் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் வெளிச்சத் திசைக் குளறுபடிகள் அப்போது தெரியும். படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டும்போது "எது மினியேச்சர்?" என்று கேட்காதீர்கள், அவர் தேட ஆரம்பித்துவிடுவார். "இந்தக் கலம் எவ்வளவு பெருசு இருக்கும்?" என்று கேளுங்கள். பேருந்து அளவு என்றால் வேலை முடிந்தது. பதில் தயங்கி வந்தால் ஷாட்டின் நீளத்தில் ஒரு வினாடியை வெட்டிவிட்டு, இன்னொருவரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்.